கையொப்பமிட்ட ஒரே கத்தோலிக்கர்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்கள் 56 பேர். அவர்களுள் கத்தோலிக்கர் ஒரே ஒருவர். மேரிலாண்டு நாட்டுப் பண்ணையார் சார்லஸ் கரோல் என்பவரே அவர். 1776-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் அவர் எழுதுகோலைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 38. அந்த ஆண்டு வரையில், தாம் பிறந்த மண்ணின் சட்டப்படி அவருக்கு வாக்குரிமை இல்லை. அரசுப் பதவி வகிக்கும் உரிமை இல்லை. நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை இல்லை. ஊரறியக் கோவில் கட்டித் திருப்பலி காணும் உரிமையும் இல்லை. அவர் கத்தோலிக்கர் என்பது ஒன்றே காரணம்.

வாஷிங்டன் நகரில், அமெரிக்கப் பாராளுமன்ற மாளிகையில், மேரிலாண்டின் சார்பாக 1903-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். கத்தோலிக்க நூல்களில் அவரைப் பற்றிய புகழுரைகளும் பல உண்டு. அவர் புகழுக்கு உரியவர்தாம். ஆயினும் குடும்பங்கள் படிக்கும் இந்தப் பகுதியில், சிலையைச் சுற்றி வந்து திரும்புவதைவிட, அவருடைய வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பது பயனுடையது என்று எண்ணுகிறேன். உள்ளே காண்பவை அனைத்தும் மகிழ்ச்சி தருவன அல்ல.

மேரிலாண்டின் கதையே சற்று விந்தையானது. இங்கிலாந்தில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில், பால்ட்டிமோர் பிரபு என்னும் கத்தோலிக்கரின் முயற்சியால் 1634-இல் உண்டான குடியேற்றம் அது. முதலில் வந்த கப்பல்களிலேயே சேசு சபைக் குருக்களும் வந்து இறங்கினர். இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கும் எவரையும் மதத்தின் பொருட்டுத் துன்புறுத்தலாகாது என்று 1649-இல் அங்கே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. அந்நாளில் அத்தகைய சட்டம் அரிதினும் அரிது. ஆனால் 1689-இல் புராட்டஸ்டாண்டுக் குடியேறிகள் கிளர்ந்தெழுந்து ஆட்சியைக் கைப்பற்றினர். சத்திரம் கட்டியவனுக்கே திண்ணையில் இடமில்லை என்னும் நிலை வந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபை அரசின் திருச்சபை ஆயிற்று. வரிக்கு உட்பட்ட தலை ஒன்றுக்கு 40 ராத்தல் புகையிலை வீதம் அச்சபைக் குருக்களின் ஊதியத்துக்கு எல்லாரும் செலுத்தவேண்டும் என்று 1702-இல் விதித்தார்கள். புகையிலைதான் அங்கே நாணயம். கத்தோலிக்கப் பண்ணையார் தம் தலைக்கும், தம்மிடமிருந்த அடிமைகளின் தலைகளுக்கும் சேர்த்து அளந்தார். 1704-இல் வந்த சட்டம் குருக்களின் பணியையே தடை செய்தது. பின்னர் தனியார் வீடுகளுக்குள் மட்டும் திருப்பலிக்கு இடம் தரப்பட்டது. 1718-இல் வாக்குரிமை போயிற்று. 1756-இல் கத்தோலிக்கரின் நிலங்களுக்கு மட்டும் இரட்டை வரி விதித்தார்கள்.

கரோல் குடும்பத்தின் முதல்வர் அயர்லாந்திலிருந்து 1688-இல் வந்தவர். அவர் பெயரும் சார்லஸ் கரோல். அரசாங்கத் தலைமை வழக்கறிஞராக நியமனம் பெற்று வந்த அவருக்கு, மறு ஆண்டுக் கிளர்ச்சியில் பதவி பறிபோயிற்று. அரசியலில் வாயில் அடைபட்ட மனிதர் நிலத்தில் கண்ணை வைத்தார். வணிகம், வட்டிக் கடன், நிலம் என்று பெருக்கிக்கொண்டே போய், 1720-இல் இறக்கும்போது அந்நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமையாளர்களுள் ஒருவராக விளங்கினார். மதத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் செல்வத்தை அரணாகக் கட்டிக்கொள்வது உலகில் பல நாடுகளில் கண்ட செய்தியே. அந்த அரணுக்குக் குடும்பம் என்ன விலை கொடுத்தது என்பதை அவருடைய மகன் காலத்தில் காண்கிறோம்.

மகன் பெயரும் சார்லஸ். ஊரார் அவரை அன்னாப்பொலிஸ் கரோல் என்று குறித்தனர். இவர் எலிசபெத் புரூக் என்னும் கத்தோலிக்கப் பெண்மணியோடு கணவன் மனைவியாக வாழ்ந்தார். 1737 செப்டம்பர் 19-இல் அவர்களுக்குப் பிறந்த ஒரே மகனே நம் கதைக்கு உரியவர். ஆனால் அவர்களுடைய திருமணம் நடந்தது 1757 பிப்ரவரியில். அதாவது மகனுக்குப் பத்தொன்பது வயது முடிந்த பிறகு. ஏன் இந்தத் தாமதம்? ஆங்கிலச் சட்டப்படி முறையான மனைவிக்கு, கணவன் இறந்தபின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கின்மேல் வாழ்நாள் உரிமை உண்டு. முறையான மகனுக்கு வாரிசுரிமை உண்டு. திருமணம் இல்லையேல் இரண்டும் இல்லை. எல்லாம் தந்தையின் உயிலைப் பொறுத்தது. மகன் தகுதியுள்ளவனா என்று பார்த்து முடிக்கும் வரையில் சொத்து முழுவதையும் தம் கைக்குள் வைத்திருக்கவே தந்தை திருமணத்தை ஒத்திப்போட்டார் என்று, இக்குடும்பத்தின் வரலாற்றை எழுதிய ரொனால்டு ஹாஃப்மன் 2000-இல் வெளிவந்த நூலில் விளக்குகிறார். விசுவாசத்தை மறுதலித்தால் ஒரே நாளில் வரிச் சுமையும் பழிச்சொல்லும் நீங்கும் என்று அறிந்தும் மறுதலியாதவர் அந்தத் தந்தை. அவரே, திருமணம் என்னும் அருட்சாதனத்தை நிலத்தின் பொருட்டு இருபது ஆண்டுகள் வாசலில் நிறுத்தி வைத்தார். அந்த ஆண்டுகளில் எலிசபெத் அம்மாளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கத்தோலிக்கப் பள்ளிகள் தடை செய்யப்பட்டிருந்தமையால், சிறுவன் சார்லஸ் முதலில் பொஹீமியா என்னும் இடத்தில் சேசு சபையார் மறைவாக நடத்திய பள்ளியில் சிறிது காலம் கற்றான். 1748-இல், பத்து வயதில், உறவினனான ஜான் கரோலோடு கடல் கடந்து, பிரஞ்சு நாட்டின் வட பகுதியிலுள்ள செயின்ட் ஓமர் கல்லூரிக்கு அனுப்பப்பட்டான். இங்கிலாந்தின் கத்தோலிக்கச் சிறுவர்களுக்கென்றே சேசு சபையார் நடத்திய கல்லூரி அது. பிறகு ரேம்ஸ், பாரிஸ், பூர்ஜ், லண்டன் என்று படிப்பு நீண்டது. அவர் தாய்நாடு திரும்பியது 1765-இல். பதினாறு ஆண்டுகளுக்கு மேல்!

அந்த ஆண்டுகளில் தந்தையும் மகனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பல எஞ்சியுள்ளன. 2001-இல் மூன்று தொகுதிகளாக அச்சிலும் வந்துள்ளன. தந்தையின் கடிதங்களில் அன்பு உண்டு. ஆனால் கணக்கு அதைவிட அதிகம். எந்தப் பாடத்தில் எந்த நிலை, செலவு எவ்வளவு, கையெழுத்து ஏன் சீராக இல்லை, கணிதத்தில் ஏன் பின்தங்கல் என்று கேள்விமேல் கேள்வி. லண்டனில் சட்டம் கற்பது மகனுக்கு வேம்பாகக் கசந்தது. கத்தோலிக்கன் வழக்காடவே முடியாத நாட்டில் இந்தப் படிப்பு எதற்கு என்று அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தந்தை இணங்கவில்லை. சட்டம் அறியாத கத்தோலிக்கனின் நிலத்தைச் சட்டம் அறிந்தவன் பறித்துக்கொள்வான் என்பது அவர் கண்ட உலகம். 1757-இல் அவரே பிரஞ்சு நாட்டுக்குச் சென்று மகனைக் கண்டார். மேரிலாண்டை விட்டே வெளியேறி, பிரஞ்சு அரசின்கீழ் இருந்த லூசியானாவில் குடியேறலாமா என்றும் அப்போது முயன்று பார்த்தார். அது கைகூடவில்லை. தாய் எலிசபெத் 1761-இல் இறந்தார். பத்து வயதில் கப்பலேற்றி அனுப்பிய மகனை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்த மகனுக்குத் தந்தை, பிரெடரிக் மாவட்டத்தில் 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட கரோல்டன் என்னும் பண்ணையைக் கொடுத்தார். அதுமுதல் அவர் ‘கரோல்டன் சார்லஸ் கரோல்’ என்று எழுதலானார். கையொப்பமிடும்போது, அரசன் தண்டிக்க வந்தால் எந்தக் கரோல் என்று தடுமாற வேண்டாம் என்பதற்காக ஊர்ப் பெயரைத் துணிந்து சேர்த்தார் என்று ஒரு கதை மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. கேட்க இனிய கதைதான், உண்மை அன்று. குடும்பத்தில் சார்லஸ் கரோல்கள் மலிந்திருந்தமையால், பதினோர் ஆண்டுகளாக அவர் அப்படித்தான் எழுதி வந்தார். இன்னொன்று: கரோல்டன் நிலம் குத்தகைக்காரர்களிடம் இருந்தது, அவர் வாழ்ந்தது அன்னாப்பொலிஸ் நகர இல்லத்திலும் டோரேகன் என்னும் பண்ணை மாளிகையிலுமே.

அவரை நாடு அறியச் செய்தது ஒரு செய்தித்தாள் சண்டை. அரசு அதிகாரிகள் மக்களிடம் பெறும் கட்டணத்தை, சட்டமன்றத்தின் ஒப்புதல் இன்றி, ஆளுநர் ஈடன் தம் ஆணையால் நிலைநாட்டியிருந்தார். 1773-இல் டேனியல் டுலானி என்னும் பெரும் வழக்கறிஞர் அதை ஆதரித்து, புனைபெயரில், ‘மேரிலாண்டு கெசட்’ இதழில் எழுதினார். அவ்விதழை அச்சிட்டு நடத்தியவர் ஆன் காதரின் கிரீன் என்னும் விதவைப் பெண்மணி. டுலானிக்கு எதிராக ‘முதல் குடிமகன்’ என்ற பெயரில் கரோல் மறுமொழி எழுதினார். மக்கள் பிரதிநிதிகளின் சம்மதமில்லாத கட்டணம், பெயர் எதுவாயினும், வரியே என்பது அவர் வாதம். எழுதுபவர் யார் என்பது விரைவில் வெளியாயிற்று. அப்போது டுலானி கையிலெடுத்த ஆயுதம் மதம்: வாக்களிக்கக்கூட உரிமையில்லாத போப்பு மதத்தான் நாட்டு நியாயம் பேசுவதா என்று ஏளனம் செய்தார். கரோல் சினந்து தம் மதத்தின் புகழ் பாடவில்லை. கேள்வி கட்டணத்தைப் பற்றியது என்று வாதத்தை அங்கேயே நிறுத்தினார். மக்கள் அவர் பக்கம் சாய்ந்தனர். அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சியினர் வென்றனர். வென்ற தேர்தலில் அவருக்கு மட்டும் வாக்கு இல்லை. சேசு சபையாரின் தர்க்க வகுப்புகள் வீண்போகவில்லை என்று சொல்லலாம்.

அதன்பின் நிகழ்ச்சிகள் விரைந்தன. 1776 வசந்தத்தில், கானடா நாட்டுக் கத்தோலிக்கரைத் தம் பக்கம் திருப்ப, அமெரிக்கக் காங்கிரசு ஒரு தூதுக் குழுவை அனுப்பியது. பெஞ்சமின் பிராங்கிளின், சாமுவேல் சேஸ், நம் கரோல், அவரோடு பிரஞ்சு நாட்டில் பயின்று குருவாகியிருந்த ஜான் கரோல் ஆகிய நால்வர் சென்றனர். ஈராண்டுகளுக்கு முன்னர்தான் அதே காங்கிரசு, கானடாக் கத்தோலிக்கருக்கு இங்கிலாந்து அளித்த மதச் சலுகைகளை இழித்துப் பேசி அறிக்கை விட்டிருந்தது. கானடா மக்கள் அதை மறந்துவிடவில்லை. தூது தோற்றது. ஆயினும் வழியில் நோயுற்ற பிராங்கிளினுக்கு ஜான் கரோல் அடிகளார் துணையாயிருந்த நட்பு பின்னாளில் பலன் தந்தது. 1789-இல் அமெரிக்காவின் முதல் ஆயராக, பால்ட்டிமோர் ஆயராக, நியமனம் பெற்றவர் இந்த ஜான் கரோலே.

1776-இல் மேரிலாண்டு எழுதிக்கொண்ட புதிய அரசியலமைப்பு, கிறிஸ்தவர் அனைவருக்கும் சம மத உரிமை வழங்கிற்று. கரோல் அதை வகுத்தவர்களுள் ஒருவர். பின்னர் மேரிலாண்டு மேலவையில் 1800 வரையிலும், 1789 முதல் 1792 வரை அமெரிக்க செனட் சபையிலும் இருந்தார்.

போர்க் காலத்தில் குடும்பத்துக்குள் எழுந்த ஒரு பூசலைச் சொல்லாமல் விட மனமில்லை. மதிப்பிழந்துவரும் காகிதப் பணத்தைக் கொடுத்தே பழைய கடன்களைத் தீர்க்கலாம் என்று 1777-இல் மேரிலாண்டு சட்டம் செய்தது. வட்டிக்குப் பெருந்தொகை கொடுத்திருந்த கிழத் தந்தைக்கு அது பகற்கொள்ளையாகத் தெரிந்தது. அவர் கொதித்தெழுந்தார், மகன் மேலவையில் சும்மா இருக்கிறான் என்று கடிதத்துக்குக் கடிதம் கடிந்தார். சட்டம் அநீதியானது என்பதை மகனும் ஒப்புக்கொண்டார். ஆனால் இத்தகைய பெரும் மாற்றம் நிகழும்போது செல்வர்கள் சில இழப்புகளை ஏற்கத்தான் வேண்டும், எதிர்த்து நின்றால் முழுவதும் போய்விடும் என்று தந்தைக்குப் பொறுமையாக எடுத்துரைத்தார். குடும்பத்தின் இழப்பு பெரிது. விடுதலைக்காகப் பணத்தை இழக்கத் துணிந்த மனிதர் அவர் என்பதில் ஐயமில்லை.

அப்படியானால், அடிமைகள்?

டோரேகன் பண்ணையில் 1773 டிசம்பர் 1-ஆம் நாள் எடுத்த கணக்கேடு ஒன்று இருக்கிறது. 300-க்கு மேற்பட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் பெயர்கள் அதில், குடும்பம் குடும்பமாக, வயதுடன் எழுதப்பட்டுள்ளன. இன்னார் தாய், இன்னார் அவள் பிள்ளைகள் என்று பார்த்தால் நம் பங்குக் குடும்பப் பதிவேட்டைப் போலவே இருக்கும். அவர்களுள் பலர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். எசமானர் திருப்பலி கண்ட அதே மாளிகைக் கோவிலின் மக்கள். புகையிலை நட்டதும், களை பறித்ததும், இலை உலர்த்திப் பீப்பாய்களில் அடைத்ததும் அவர்கள் கைகளே. பாரிஸ் கல்லூரிக்குச் செலுத்திய பணமும் அந்தக் கைகளிலிருந்தே வந்தது.

அடிமைமுறை தீமை என்பதைக் கரோல் அறிந்திருந்தார். தம் எழுத்திலும் அவ்வாறே குறித்தார். 1797-இல், அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கும் மசோதாவை மேலவையில் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. சட்டம் வராமற்போன பின், தம் பண்ணையில் தாமே செய்யத் தடை ஏதும் இல்லையே. சிலரை விடுவித்ததுண்டு, பெருந்தொகையினரை விடுவிக்கவில்லை. முதுமையில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவதற்கென்று அமைந்த அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அச்சங்கம் உண்டாக்கிய நாட்டுக்கு லைபீரியா என்று பெயர் சூட்டியவர் அவருடைய மருமகன் ராபர்ட் ஹார்ப்பர். கடல் கடந்து அனுப்பிவிட்டால் சிக்கல் தீரும் என்று நம்பினார்கள். அந்த மக்கள் பிறந்து வளர்ந்தது மேரிலாண்டில் என்பதை எண்ணவில்லை.

அக்காலத்து மனிதரை இக்காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதே காலத்தில், பக்கத்துப் பென்சில்வேனியாவில், 1780-லேயே படிப்படியான விடுதலைச் சட்டம் வந்துவிட்டது. குவேக்கர் சபையார் பலர் தம் அடிமைகளைத் தாமாகவே விடுவித்தும் இருந்தனர். ஆகவே அந்தச் சாக்கு முழுவதும் பொருந்தாது. பண்ணையாரை மட்டும் குறைகூறிக் குருக்களை விட்டுவிடுவதும் நேர்மையாகாது. மேரிலாண்டுச் சேசு சபையாரும் பண்ணைகளும் அடிமைகளும் வைத்திருந்தனர். 1838-இல் 272 பேரை லூசியானாவுக்கு விற்றனர். அப்பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. 2017 ஏப்ரலில், அந்த மக்களின் வழித்தோன்றல்கள் முன்னிலையில், அப்பல்கலைக்கழகமும் சேசு சபையும் மன்னிப்புக் கேட்டன.

இனி அவருடைய இல்லறம். 1766-இல் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ரேச்சல் குக் திருமணத்துக்கு முன்பே நோயுற்று இறந்தார். 1768 ஜூனில் உறவுப் பெண்ணான மேரி டார்னலை மணந்தார். வீட்டார் மோலி என்று அழைத்த அப்பெண்ணுக்குச் சீர்வரிசை கொண்டுவரும் வசதி இல்லை. ஏழு பிள்ளைகள் பிறந்தனர், நிலைத்தவர்கள் மூவர். அடுத்தடுத்த பேறுகாலங்களாலும் நோயாலும் நலிந்த மோலி, வலி தணிக்க அபின் கலந்த மருந்துக்குப் பழகி, அதற்கு அடிமையானார். 1782 மே இறுதியில் மாமனார் வீட்டுத் திண்ணையிலிருந்து விழுந்து உயிர்நீத்தார். அந்த அதிர்ச்சியிலிருந்து மீளாமலே பத்து நாட்கள் சென்று மோலியும் இறந்தார். வயது 33. கரோல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இன்னும் ஐம்பது ஆண்டுகள் தனித்தே வாழ்ந்தார்.

ஒரே மகன் சார்லஸையும் பத்து வயதில் ஐரோப்பாவுக்கு, லியேஜ் நகரக் கல்லூரிக்கு, அனுப்பினார். தமக்குத் தந்தை செய்ததைத் தாமும் செய்தார். ஆனால் இந்த மகன் வேறு மாதிரி. திரும்பி வந்ததும் ஹாரியட் சூ என்னும் நற்குடிப் பெண்ணை மணந்தார். தந்தையின் பணத்தில் பால்ட்டிமோரில் ஹோம்வுட் என்னும் அழகிய மாளிகை எழுப்பினார். செலவு தந்தை அனுமதித்ததைப்போலப் பல மடங்கு ஆயிற்று. பிறகு மதுவுக்கு ஆட்பட்டார். தந்தை கடிதங்களில் மன்றாடினார், எச்சரித்தார், உதவித்தொகையைக் குறைத்தார், ஒன்றும் பலிக்கவில்லை. 1816-இல் ஹாரியட் பிள்ளைகளோடு பிரிந்து போக நேர்ந்தபோது, கிழவர் மருமகள் பக்கமே நின்று, அவருக்கு ஆண்டுதோறும் ஜீவனத்துக்குப் பணம் ஏற்பாடு செய்தார். பெரிய குடும்பங்களில் இது எளிதில் நடப்பதன்று. மகன் 1825-இல், தந்தைக்கு முன்பே, இறந்தார். அவர் கட்டிய மாளிகை இன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் அருங்காட்சியகமாக உள்ளது.

மூத்த மகள் மேரி வயிற்றுப் பேத்திகள் அழகுக்குப் பெயர் பெற்றவர்கள்; அவர்களுள் மூவர் இங்கிலாந்துப் பிரபுக்களை மணந்தனர். இவர்களில் மரியானின் கணவர் பெயர் நம் வாசகர்களுக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமானது. 1798 முதல் 1805 வரை இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லி பிரபுவே அவர். திப்பு சுல்தான் வீழ்ந்ததும், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், கருநாடக நவாபின் ஆட்சி கும்பினியாரின் கைக்குப் போனதும் இவர் காலத்திலே. 1825-இல் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக இருந்தபோது, விதவையாயிருந்த மரியானை டப்ளின் நகரில் மணந்தார். மூதாதை விட்டு வந்த அயர்லாந்துக்கு, கொள்ளுப் பேரனின் பேத்தி அரசப் பிரதிநிதியின் மனைவியாகத் திரும்பினார் என்று சிலர் சொல்வர். கணக்குப்படி அவர் குடியேறியவரின் பேரனுக்குப் பேத்தி. பின்னர் அவர் இங்கிலாந்து அரசி அடிலெய்டின் அணுக்கத் தோழியாகவும் ஆனார். அரசனுக்கு எதிராகக் கையொப்பமிட்ட தாத்தா அப்போதும் உயிரோடுதான் இருந்தார்!

1826 ஜூலை 4-ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, ஜெபர்சனும் ஆடம்ஸும் ஒரே நாளில் மறைந்தனர். கையொப்பமிட்ட 56 பேரில் எஞ்சியவர் கரோல் மட்டுமே. 1828 ஜூலை 4-இல், தொண்ணூறு வயதில், பால்ட்டிமோர்–ஒஹாயோ இருப்புப்பாதைக்கு அடிக்கல் நாட்டினார். 1831-இல் பிரஞ்சு எழுத்தாளர் தொக்வில் அவரை வந்து கண்டார். 1832 நவம்பர் 14-இல், பால்ட்டிமோரில் மகள் மேரியின் வீட்டில், 95-ஆம் வயதில் இறந்தார். டோரேகன் மாளிகைக் கோவிலுக்குள் அவரை அடக்கம் செய்தனர்.

நிலமும், மாளிகையும், அடிமைகளும் உயிலின்படி மகள்களுக்கும் பேரன் பேத்திகளுக்கும் சென்றன. மேரிலாண்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1864 நவம்பர் 1-ஆம் நாள். 1773-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் தாய் மடியில் குழந்தைகளாகப் பதியப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் அன்று விடுதலை பெற்றார்கள்.